சேத மதிப்பீடு

பால் லாரி பின்னால் வந்த நேரம்
காலை ஐந்தேகால். மூடுபனி.
ஓட்டுநர் லியோனெல், வயது இருபத்தொன்பது.
நடக்கிற வேகம்தான் என்கிறார்.
நடக்கிற வேகம் போதும்
நானூறு வருஷத்துக்கும் மேலாக
நீட்டியே வைத்திருந்த ஒரு கையைத்
தட்டிவிட.

நான் காப்பீட்டு நிறுவனத்து ஆள்.
க்ளெர்மோனிலிருந்து இரண்டு மணி நேரம்,
அதில் முக்கால்வாசி வளைவுகள்.
டேப், கேமரா, நான்கு பக்கப் படிவம்.
சதுக்கத்தில் எனக்கு முன்பே பதினோரு பேர்.
எனக்காக வரவில்லை என்று
ஒவ்வொருவரும் தனித்தனியே சொன்னார்கள்.

பொருள்: சிலுவை.
உயரம்: மூன்று மீட்டர் பன்னிரண்டு.
எதனால் ஆனது: கறுத்த எரிமலைக் கல்.
இந்த மலைகள் என்றோ கக்கிய தீக்குழம்பு,
கொதித்து முடித்து, ஆறி அடங்கி,
பிறகு உளிக்கு உடம்பு கொடுத்தது.
வயது:
மேயர் ஓடில் வியாலார் மண்டியிடுகிறார்
(எண்ணைப் படிக்கத்தான்),
பீடத்துப் பாசியை வீட்டுச் சாவியால் சுரண்டுகிறார்.
ஒன்று, ஐந்து, பிறகு எட்டோ மூன்றோ.
கடைசி எண்ணை மழை தின்றுவிட்டது.
"ஏதாவது ஒன்றைப் போடுங்கள்.
அது மறுத்துப் பேசாது."

முன்பே இருந்த சேதங்கள்.
இந்தக் கட்டத்துக்கு மூன்று வரிதான் விட்டிருக்கிறார்கள்.
ஒரு பக்கம் அறையப்பட்டவன்.
மறுபக்கம், முதுகோடு முதுகாக,
பிள்ளை ஏந்திய தாய்.
தாய்க்கு மூக்கில்லை.
பிள்ளைக்கு முகமே இல்லை,
உரித்த முட்டைபோல ஒரு வழுவழுப்பு.
புரட்சியின்போது கயிறு கட்டி இழுத்துச் சாய்த்தார்களாம்.
இழுத்தவர்களின் பேரன்களே
எருக்குழியிலிருந்து தோண்டி நட்டார்களாம்.
தண்டின் நடுவே இரும்புப் பட்டி,
அதன் கீழே துரு வடிந்த தடம்.
பீடத்தின் விளிம்பில் ஒரு குழிவு,
உள்ளங்கை அளவு, தொட்டால் பட்டு.
புல் அறுக்கப் போனவர்கள்
போகிறபோக்கில் அரிவாள் தீட்டிய இடம்.
இதையும் சேதம் என்று எழுதுவதா?
பேனா கொஞ்சம் நின்றது.
எழுதவில்லை.

இழந்த பகுதி: வலது கை, தோளோடு.
எங்கே?
பதினோரு பேரும் ஒரே நேரத்தில்
வானத்தைப் பார்த்தார்கள்.
வானத்தில் ஒன்றுமில்லை.
கடைசியில் ரொட்டி வேன் ஓட்டும் சொலான்ஜ்
நீலக் கதவுப் பக்கம்
தாடையை ஒருமுறை அசைத்தாள்.

ஃபிர்மேன் தெலோர், ஓய்வுபெற்ற லைன்மேன்.
மனைவியை அடக்கம் செய்த அன்றும்
தேவாலயத்துக்கு வெளியே
மழையில் நின்றவர்.
அவர் சமையலறை மேசையில்,
குளியல் துண்டுக்குள்,
கை.
பக்கத்தில் பாலாடைக்கட்டி, கத்தி, பாதி வெங்காயம்.
ஆணி இறங்கிய உள்ளங்கையின் மேல் மட்டும்
துண்டு ஒரு மடிப்பு கூடுதல்.

"எனக்கு அவரிடம் நம்பிக்கை கிடையாது," என்றார்,
நான் கேட்காத கேள்விக்கு.
"அன்றிரவு உறைபனி என்றார்கள் ரேடியோவில்.
விரிசலுக்குள் தண்ணீர் போய் உறைந்தால்
கல் பிளந்துவிடும். அவ்வளவுதான்."
வெங்காயத்தைத் தள்ளி வைத்தார்.
"தவிர, ஒரு கை.
தெருவில் கிடக்கட்டும் என்று விடமுடியுமா,
யாருடையதாக இருந்தால் என்ன?"

அளந்தேன். அறுபத்திரண்டு சென்டிமீட்டர்.
தூக்கியும் பார்த்தேன், படிவம் கேட்கவில்லைதான்.
தூங்கிப்போன பெரிய நாயின் கனம்.
கேட்காமலே மறுமுனையைப் பிடித்துக்கொண்டார்.

வெளியே, மிச்சமிருந்த இடது கை
தெற்குச் சாலையைக் காட்டிக்கொண்டிருந்தது.
பால்பண்ணைக்கு இனி வழிப்பலகை வேண்டாம்
என்றார் ஒருவர். பத்துப் பேர் சிரித்தார்கள்.
லாரியை மூலையிலேயே அணைத்துவிட்டு
நடந்து வந்திருந்த லியோனெல் சிரிக்கவில்லை.
இப்போதெல்லாம் தினமும் அப்படித்தானாம்,
இறங்கி, சுற்றிப் பார்த்து, பிறகுதான் வண்டி.

விபத்துக்குப் பிந்தைய மதிப்பு என்ற கட்டத்தை
அலுவலகத்துக்கு விட்டுவிட்டேன்.
அதற்கு அடுத்தது:
பழுதுபார்க்கும் வரை யார் பொறுப்பில்?
தெலோர், நீலக் கதவு, என்று எழுதி
கையெழுத்துக்கு நீட்டினேன்.
கால்சட்டையில் கைகளைத் துடைத்துக்கொண்டு
அவர் கண்ணாடி தேட உள்ளே போனார்.
நெடுநேரம் தேடினார்.